கைட்டோசான் உணவுப்பொதிப் படலம்

கைட்டோசான் உணவுப்பொதிப் படலம் என்பது இறால், நண்டு போன்ற உயிரினங்களின் ஓட்டிலிருந்தோ சில பூஞ்சைகளிலிருந்தோ பெறப்படும் கைட்டோசான் என்னும் பல்சர்க்கரைடைக் கொண்டு செய்யப்படும் மெல்லிய, ஒளி ஊடுருவும் உறைபொருள் ஆகும். இது மண்ணில் மக்கக்கூடியது. அதே வேளை, உணவைக் கெடுக்கும் நுண்ணுயிரிகளின் வளர்ச்சியையும் ஓரளவு தடுக்க வல்லது. இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமைந்திருப்பதால், செயலூக்க உயிர்ச்சிதைவுப் படலங்கள் எனப்படும் வகைக்கு இது அடிக்கடி எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகின்றது.

பின்னணி

உலகில் மனிதருக்காக விளைவிக்கப்படும் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 130 கோடி டன், உண்ணப்படாமலே வீணாகின்றது என ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2011ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இவ்விழப்பைக் குறைப்பதில் நெகிழி உறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் சில நாட்கள் மட்டுமே பயன்பட வேண்டிய ஓர் உறை, பயன்பாடு முடிந்த பின் பல தலைமுறைகளுக்கு மண்ணிலும் கடலிலும் கிடக்கின்றது. நெகிழியை விலக்கினால் உணவு வீணாகும், நெகிழியைப் பயன்படுத்தினால் சூழல் கெடும் என்னும் இந்த இக்கட்டிலிருந்தே இவ்வகைப் படலங்களைப் பற்றிய ஆய்வுகள் தோன்றின.

வழக்கமான உறை உணவுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே தடுப்பாக மட்டும் நிற்கும். உறையோ உறைக்குள் வைக்கப்படும் பொருளோ உணவைச் சூழ்ந்த காற்றுடன் அல்லது உணவின் மேற்பரப்புடன் வினைபுரிந்து உணவு கெடாதிருக்கும் காலத்தை நீட்டிக்குமாயின், அது செயலூக்கப் பொதி எனப்படும். 1977இல் சப்பானின் மிட்சுபிசி காஸ் கெமிக்கல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இரும்புத்தூள் சிறுபைகள் இதற்கு நன்கு அறியப்பட்ட முன்னோடியாகும். இரும்பு துருப்பிடிக்கும்போது பொதிக்குள் உள்ள ஆக்சிசனைக் கவர்ந்துகொள்கின்றது. ஒரு கிராம் இரும்பு ஏறத்தாழ 300 மில்லிலீட்டர் ஆக்சிசனை ஏற்கும். இத்தகைய தனிப் பை எதுவும் இன்றி உறையே அவ்வேலையைச் செய்ய வேண்டும் என்பதே செயலூக்கப் படலங்களின் நோக்கம்.

உயிரியல் மூலத்திலிருந்து பெறப்பட்டவை அனைத்தும் மக்கும் என்று கருதுதல் தவறு. கரும்பிலிருந்து ஆக்கப்படும் பாலிஎத்திலீனும் பெட்ரோலியப் பாலிஎத்திலீனைப் போலவே மக்காது. மறுபுறம், பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் சில பாலியெசுத்தர்கள் நன்கு மக்குகின்றன. ஒரு பொருள் மக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதன் பிறப்பிடம் அன்று, அதன் மூலக்கூற்றுப் பிணைப்புகளை அறுக்கும் நொதிகள் இயற்கையில் உள்ளனவா என்பதே.

வரலாறு

1811இல் பிரான்சு நாட்டு வேதியியலாளர் ஆன்றி பிராக்கனோ, காளான்களிலிருந்து எளிதில் கரையாத ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1823இல் ஒடியே என்பவர் பூச்சிகளின் புறவுறையில் அத்தகைய பொருளைக் கண்டு, உடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கைட்டின் என்னும் பெயரைச் சூட்டினார். 1859இல் சார்லசு ரூழே, கைட்டினைச் செறிந்த காரத்தில் கொதிக்கவைத்து, நீர்த்த அமிலத்தில் கரையும் வேறொரு பொருளாக மாற்றினார். இப்புதிய பொருளுக்குக் கைட்டோசான் எனப் பெயரிட்டவர் செருமானிய உயிர்வேதியியலாளர் ஓப்பே-சைலர் ஆவார் (1894).

கைட்டோசானைப் படலமாகவும் இழையாகவும் மாற்றும் முறைகளுக்கு 1936இலேயே அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த சியார்ச்சு ரிக்பி காப்புரிமை பெற்றுவிட்டார். எனினும் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1933இல், இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் இண்டசுட்ரீசு ஆய்வகத்தில் பாலிஎத்திலீன் தற்செயலாகக் கண்டறியப்பட்டிருந்தது. மலிவும், நீர்ப்புகாத் தன்மையும், உருக்கி வார்க்கும் எளிமையும் கொண்ட அதன்முன் கைட்டோசான் நிற்க இயலவில்லை.

1970களில் இறால், நண்டு பதப்படுத்தும் ஆலைகளின் ஓட்டுக் கழிவு ஒரு சிக்கலாக உருவெடுத்தபோது இப்பொருள் மீண்டும் கவனத்துக்கு வந்தது. கைட்டின், கைட்டோசான் பற்றிய முதலாவது பன்னாட்டு மாநாடு 1977இல் அமெரிக்காவின் பாசுடன் நகரில் நடைபெற்றது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லபூசாவும் பிரீனும் 1989இல் வெளியிட்ட கட்டுரை செயலூக்கப் பொதி என்னும் கருத்தைப் பரவலாக்கியது. இந்தியாவில் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டிலிருந்து கைட்டினும் கைட்டோசானும் பெறும் முறைகளை உருவாக்கியது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் கைட்டோசான் படலங்களை உணவுப் பொதியாகச் சோதித்தது.

மக்கும் படலம் ஒன்று சந்தையை வென்ற வரலாறும் உண்டு. சுவிட்சர்லாந்தின் சாக் பிராண்டன்பெர்கர் உருவாக்கிய செல்லோபேன், மரக்கூழின் செல்லுலோசிலிருந்து பெறப்படுவது. அது கண்ணாடி போலத் தெளிவானது. ஆனால் ஈரத்தைத் தடுக்கும் திறன் அதற்கு இல்லை. 1927இல் டியூபான்ட் நிறுவனத்தின் வில்லியம் சார்ச்சு நைட்ரோசெல்லுலோசுப் பூச்சு ஒன்றைக் கண்டறிந்து இக்குறையைப் போக்கிய பின்னரே அது உணவுக் கடைகளில் பரவியது. இன்று கைட்டோசான் எதிர்கொள்ளும் சிக்கலும் ஏறத்தாழ இதுவே.

மூலப்பொருளும் பிரித்தெடுப்பும்

இயற்கையில் செல்லுலோசுக்கு அடுத்தபடியாக மிகுதியாகக் காணப்படும் பல்சர்க்கரைடு கைட்டின் ஆகும். உலர்ந்த இறால் ஓட்டில் கைட்டினுடன் புரதமும் கால்சியம் கார்பனேட்டும் கலந்துள்ளன. ஓட்டை நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் கால்சியம் கார்பனேட்டு நுரைத்துக் கரைந்துவிடும். நீர்த்த சோடியம் ஐதராக்சைடில் இட்டுச் சூடாக்கினால் புரதம் நீங்கும். எஞ்சுவது கைட்டின். இதனை 40 முதல் 50 விழுக்காடு செறிவுள்ள சோடியம் ஐதராக்சைடில் 100 பாகை செல்சியசு அளவில் சூடாக்கும்போது, சர்க்கரை அலகுகளில் இணைந்துள்ள அசிட்டைல் தொகுதிகள் நீங்கி அமைன் தொகுதிகள் வெளிப்படுகின்றன. பாதிக்கு மேற்பட்ட அலகுகளில் இவ்வாறு அசிட்டைல் நீங்கிய பொருளே கைட்டோசான் எனப்படும்.

இச்செயல்முறை பெருமளவு நீரையும் காரத்தையும் வேண்டுவது. கழிவுநீரை நடுநிலையாக்காமல் வெளியேற்றும் ஆலையில் செய்யப்பட்ட கைட்டோசானைச் சூழலுக்கு உகந்தது எனக் கூற இயலாது. மக்கும் பொருள்களைப் பற்றிய எழுத்துகளில் இப்பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது.

படலம் ஆக்கல்

ஆய்வகங்களில் பின்பற்றப்படும் முறை மிக எளியது. 100 மில்லிலீட்டர் நீரில் 1 மில்லிலீட்டர் அசிட்டிக் அமிலம் சேர்த்து, அதில் 1 முதல் 2 கிராம் கைட்டோசானைப் பல மணி நேரம் கலக்கிக் கரைக்கின்றனர். கரையாத துகள்களை வடிகட்டி, சிறிதளவு கிளிசரால் சேர்த்து, காற்றுக்குமிழிகள் நீங்கும்வரை வைத்திருந்து, சமதளமான கண்ணாடித் தட்டில் ஊற்றி உலர்த்துகின்றனர். மறுநாள் தட்டிலிருந்து உரித்தெடுக்கும்போது சில பத்து மைக்ரோமீட்டர் தடிப்புள்ள, இலேசான மஞ்சள் சாயல் கொண்ட படலம் கிடைக்கும்.

கிளிசரால் இன்றி உலர்த்திய படலம் மடித்தால் உடையும். அருகருகே உள்ள சங்கிலிகளை ஐதரசன் பிணைப்புகள் இறுகப் பற்றியிருப்பதே இதற்குக் காரணம். கிளிசரால் மூலக்கூறுகள் இச்சங்கிலிகளுக்கிடையே நுழைந்து அவை ஒன்றையொன்று வழுக்கிச் செல்ல இடம் தருகின்றன. இவ்வாறு பயன்படும் பொருள் நெகிழ்வூட்டி எனப்படும். நெகிழ்வூட்டி மிகுந்தால் படலம் எளிதில் இழுபடும், ஆனால் வலிமை குறைந்து, காற்றிலுள்ள ஈரத்தையும் கூடுதலாக உறிஞ்சிப் பிசுபிசுப்பாகும். வலிமை, நெகிழ்வு, ஈரத்தடை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் உயர்த்துவது அரிது என்பதால், படல ஆக்கத்தில் பெரும்பகுதி நேரம் இவற்றுக்கிடையே ஒரு நடுநிலையைத் தேடுவதிலேயே செலவாகின்றது.

உலர்ந்த படலத்தில் அசிட்டிக் அமிலம் சிறிது எஞ்சியிருக்கும். இதனால் படலத்தில் காடி மணம் வீசுவதுடன், நீரில் இட்டால் படலம் ஊதிக் கரையவும் கூடும். நீர்த்த காரக் கரைசலில் நனைத்து நடுநிலையாக்கினால் நீரில் கரையாது. ஆயினும் அமிலத் தன்மை கொண்ட உணவு பட்டால் மீண்டும் கரையும். எலுமிச்சை ஊறுகாயை இத்தகைய படலத்தில் பொதிந்து வைக்க முடியாது என்பது இதிலிருந்து விளங்கும். சங்கிலிகளை நிலையாகப் பிணைக்கும் குறுக்குப்பிணைப்பு முறை இதற்குத் தீர்வாகக் கருதப்படுகின்றது. சிட்ரிக் அமிலம், டானிக் அமிலம், கார்டீனியாக் கனியிலிருந்து பெறப்படும் செனிப்பின் ஆகியவை குறுக்குப்பிணைப்பிகளாகச் சோதிக்கப்பட்டுள்ளன. செனிப்பின் சேர்த்த படலம் நீல நிறம் அடையும்.

நுண்ணுயிர் எதிர்ப்பு

கைட்டோசானின் அமைன் தொகுதிகள், பி.எச் மதிப்பு ஏறத்தாழ 6.3க்குக் கீழே உள்ளபோது புரோத்தன் ஏற்று நேர்மின்னூட்டம் பெறுகின்றன. பாக்டீரியாக்களின் புறப்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. இவ்விரண்டும் ஈர்க்கப்படுவதால் உயிரணுச் சவ்வின் ஒழுங்கு குலைந்து, உள்ளிருக்கும் பொருள்கள் கசிகின்றன. நுண்ணுயிரிகளுக்குத் தேவையான உலோக அயனிகளைக் கைட்டோசான் கட்டிவைத்துக்கொள்வதும் மற்றொரு காரணமாகக் கூறப்படுகின்றது. இறைச்சி, மீன் போன்ற உணவுகளின் பி.எச் மதிப்பு இவ்வெல்லைக்கு அருகிலேயே இருப்பதால், உணவுக்கு உணவு இதன் திறன் மாறுபடும்.

கரைசலில் காணப்படும் எதிர்ப்புத் திறன் உலர்ந்த படலத்தில் அப்படியே இருப்பதில்லை. கரைசலில் உள்ள சங்கிலிகள் நகர்ந்து நுண்ணுயிரியைச் சென்றடையும். படலத்தில் உள்ளவையோ இடம்பெயர மாட்டா. எனவே படலத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் நுண்ணுயிரிகள் மட்டுமே பாதிக்கப்படும். உருளைக்கிழங்கின் மேடு பள்ளங்களிலோ இறைச்சித் துண்டின் உட்பகுதியிலோ உள்ளவை தப்பிவிடும். ஏகார் தட்டில் படலத்தின் வட்டத் துண்டை வைத்து, அதைச் சுற்றி நுண்ணுயிரி வளராத வெளிவட்டம் தோன்றுகின்றதா எனப் பார்க்கும் சோதனை இங்கு தவறான முடிவைத் தரக்கூடும். வட்டம் தோன்றாவிட்டாலும் துண்டுக்கு நேர் கீழே வளர்ச்சி இல்லாதிருக்கலாம்.

இக்குறையை ஈடுசெய்யவே, படலத்திலிருந்து மெல்ல வெளியேறக்கூடிய பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. இலவங்கத்தின் யூசினால், கருவாப்பட்டையின் சின்னமால்டிகைடு, ஓரிகானோ மூலிகையின் கார்வக்ரால், ஓமத்திலும் தைம் மூலிகையிலும் உள்ள தைமால் ஆகியவை அதிகம் ஆராயப்பட்டவை. இவை எண்ணெய்த் தன்மை கொண்டவை ஆதலால், பாலிசோர்பேட்டு 80 போன்ற பால்மமாக்கியின் துணையுடன் நுண்துளிகளாகக் கரைசலில் கலக்கப்படுகின்றன. இவற்றால் ஈரத்தடையும் சற்று மேம்படுகின்றது. ஆனால் உலர்த்தும்போதே ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். மேலும், நுண்ணுயிரியைத் தடுக்கும் அளவு சேர்த்தால் மணம் உணவில் ஏறும். இலவங்க மணம் வீசும் பாலாடைக்கட்டியை விரும்புவோர் சிலரே. ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்ற பல படலங்கள் சுவைஞர் குழுவின்முன் தோற்பதற்கு இதுவே காரணம்.

மணமற்ற மாற்றாக நைசின் பயன்படுகின்றது. லாக்டோகாக்கசு லாக்டிசு என்னும் பாக்டீரியம் உண்டாக்கும் இப்புரதக்கூறு பல நாடுகளில் உணவுச் சேர்க்கைப் பொருளாக ஏற்கப்பட்டுள்ளது. இது லிசுட்டீரியா போன்ற கிராம்-நேர் பாக்டீரியாக்களைக் கொல்லும். கிராம்-எதிர் வகைகளுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால், அவற்றின்மீது நைசின் தனித்துப் பயன் தருவதில்லை. தேயிலைப் பாலிபீனால்கள் போன்றவை கொழுப்பு சிக்குப்பிடிப்பதைத் தாமதப்படுத்தச் சேர்க்கப்படுகின்றன.

நீராவியும் வளிமங்களும்

உலர்ந்த நிலையில் கைட்டோசான் படலம் ஆக்சிசனை நன்கு தடுக்கின்றது. இறுக்கமாக அடுக்கப்பட்ட சங்கிலிகளிடையே ஆக்சிசன் புகுவது கடினம். ஆனால் காற்றின் ஈரப்பதம் உயரும்போது படலம் நீரை உறிஞ்சி ஊதுகின்றது, ஆக்சிசன் தடையும் உடைகின்றது. நீராவியைப் பொறுத்தவரை இதன் தடைத்திறன் எப்போதுமே குறைவு. பாலிஎத்திலீனுடன் ஒப்பிடுகையில் நூறு மடங்கு அளவில் கூடுதலாக நீராவியைக் கடத்தும். எனவே பிசுக்கோத்து, வறுவல் போன்ற மொறுமொறுப்பான உணவுகளுக்கு இது பொருந்தாது.

இக்குறையே சில உணவுகளுக்கு நன்மையாகவும் அமைகின்றது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தினர் 2002இல் வெளியிட்ட மாம்பழச் சோதனை இதனை நன்கு விளக்குகின்றது. அட்டைப்பெட்டிகளில் மாம்பழங்களை அடுக்கி, சில பெட்டிகளின் மேற்புறத்தைக் கைட்டோசான் படலத்தாலும், சிலவற்றைக் குறையடர்த்திப் பாலிஎத்திலீனாலும் மூடி, 27 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைத்தனர். மூடப்படாத பழங்கள் ஏறத்தாழ 9 நாட்கள் நின்றன. பாலிஎத்திலீனால் மூடியவற்றில் நொதித்த வாடையும், காம்பைச் சுற்றிப் பூஞ்சையும் தோன்றின. கைட்டோசான் படலத்தால் மூடிய பழங்கள் 18 நாட்கள் வரை பூஞ்சையோ தீயமணமோ இன்றி இருந்தன.

பறித்த பின்னும் மாம்பழம் சுவாசிக்கின்றது. ஆக்சிசனை உட்கொண்டு கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெளிவிடுகின்றது. பாலிஎத்திலீனுக்குள் நீராவி வெளியேற வழியின்றித் துளிகளாகப் படியும், அத்துளிகளில் பூஞ்சை முளைக்கும். ஆக்சிசன் மிகக் குறைந்தால் பழத்தின் திசுக்கள் காற்றிலாச் சுவாசத்துக்கு மாறி எத்தனாலை உண்டாக்கும், நொதித்த வாடை அதனால் எழுவதே. கைட்டோசான் படலமோ மிகுதியான ஈரத்தை வெளியே கடத்திவிடுகின்றது. ஆகவே உறையின் தரத்தை அதன் தடைத்திறனை மட்டும் கொண்டு மதிப்பிட முடியாது, எந்த உணவுக்கு என்பதும் சேர்த்தே கேட்கப்பட வேண்டும்.

மக்குதல்

நுண்ணுயிரிகளை எதிர்க்கும் படலம் நுண்ணுயிரிகளாலேயே சிதைக்கப்பட வேண்டும் என்பது முரணாகத் தோன்றலாம். கைட்டோசானின் எதிர்ப்புத் திறன் அமிலச் சூழலையும் நேரடித் தொடுகையையும் சார்ந்தது. மண்ணில் பெரும்பாலும் பி.எச் மதிப்பு உயர்ந்திருக்கும். மண்ணிலுள்ள கரிமப் பொருள்களும் களிமண் துகள்களும் அதன் நேர்மின்னூட்டத்தை ஈடுசெய்துவிடும். கைட்டினேசு, கைட்டோசனேசு ஆகிய நொதிகளைச் சுரக்கும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் மண்ணில் ஏராளம், பூச்சிகளின் ஓடுகள் காலங்காலமாக அங்கு சிதைந்து வருவதே இதற்குச் சான்று. கைட்டோசானில் எடையளவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு நைதரசன் உள்ளதால், சிதைந்த பின் அது பயிருக்கும் பயன்படுகின்றது.

சேர்க்கைப் பொருள்களைப் பற்றி இவ்வாறு கூற முடியாது. தாவர எண்ணெய்கள் ஆவியாகின்றன அல்லது சிதைகின்றன. ஆனால் எதிர்ப்புத் திறனைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் வெள்ளி, துத்தநாக ஆக்சைடு ஆகியவற்றின் நுண்துகள்கள் சிதைவதில்லை. மக்கும் உறைகளுக்கான ஈ.என் 13432 என்னும் ஐரோப்பியச் செந்தரம், ஆறு மாதங்களுக்குள் 90 விழுக்காடு உயிர்ச்சிதைவை வேண்டுவதுடன், உலோகங்களுக்கும் எல்லை வகுக்கின்றது. துத்தநாகத்துக்கான எல்லை உலர் எடையில் கிலோகிராமுக்கு 150 மில்லிகிராம். படலத்தில் ஒரு விழுக்காடு துத்தநாக ஆக்சைடு சேர்த்தாலே கிலோகிராமுக்கு 8,000 மில்லிகிராம் துத்தநாகம் வந்துவிடும். இத்தகைய படலங்களை மக்கும் பொதி என ஆய்வுக் கட்டுரைகள் குறிப்பிடும்போது அதனை எச்சரிக்கையுடன் ஏற்க வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவைத் தொடும் பொருள்கள் 2004ஆம் ஆண்டின் 1935ஆம் இலக்க ஒழுங்குவிதிக்கும், செயலூக்கப் பொருள்கள் 2009ஆம் ஆண்டின் 450ஆம் இலக்க ஒழுங்குவிதிக்கும் உட்பட்டவை. உறையிலிருந்து உணவுக்குள் வேண்டுமென்றே வெளியிடப்படும் பொருள், உணவுச் சேர்க்கைப் பொருளுக்குரிய விதிகளையும் நிறைவு செய்ய வேண்டும். இந்தியாவில் 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிலைகள் (பொதியிடல்) ஒழுங்குவிதிகள் நெகிழிப் பொதிகளிலிருந்து உணவுக்கு இடம்பெயரும் பொருள்களின் மொத்த அளவைக் கிலோகிராமுக்கு 60 மில்லிகிராம் என வரையறுக்கின்றன. மக்கும் நெகிழிகள் ஐ.எசு.ஓ. 17088 செந்தரத்துக்கு இணங்க வேண்டும் என 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன.

இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் குறித்த ஐயம் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இவ்வொவ்வாமைக்கு முதன்மைக் காரணம் திரோப்போமையோசின் என்னும் தசைப்புரதமே, கைட்டின் அன்று. புரதம் முழுமையாக நீக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தே இடர் அமையும். அசுப்பர்சில்லசு நைசர் என்னும் பூஞ்சையிலிருந்து பெறப்படும் கைட்டோசான் இச்சிக்கலைத் தவிர்க்கின்றது. சைவ உணவினரும் அதனை ஏற்க இயலும்.

தொழில்முறை உற்பத்தி

பாலிஎத்திலீனை உருக்கிக் குழாய்போல் ஊதிப் படலமாக்கும் எந்திரத்தில் கைட்டோசானை இட முடியாது. உருகும் முன்னரே அது கருகிச் சிதைந்துவிடும். கரைத்து, ஊற்றி, உலர்த்தும் முறை ஒன்றே உண்டு. 2 விழுக்காட்டுக் கரைசலிலிருந்து ஒரு கிலோகிராம் படலம் பெற வேண்டுமாயின் ஏறத்தாழ 49 கிலோகிராம் நீரை ஆவியாக்க வேண்டும். இதற்கான எரிபொருட் செலவே விலையை உயர்த்துகின்றது. ஓட்டின் வகை, பருவம், காரத்தில் வைத்த நேரம் ஆகியவற்றுக்கேற்ப ஒவ்வொரு தொகுதிக் கைட்டோசானின் பாகுநிலையும் அசிட்டைல் நீக்க அளவும் மாறுவது மற்றொரு இடர்ப்பாடு.

இதனால் தனிப்படலமாக அன்றி, தாளின்மீதோ பாலிலாக்டிக் அமிலப் படலத்தின்மீதோ மெல்லிய பூச்சாகக் கைட்டோசானைப் பயன்படுத்துவது நடைமுறைக்கு ஏற்றதாகக் கருதப்படுகின்றது. ஈரத்தைத் தாங்கும் வேலையை அடித்தாள் ஏற்க, உணவைத் தொடும் பரப்பில் மட்டும் கைட்டோசான் இருந்தால் போதுமானது. பழங்களைக் கரைசலில் முக்கியெடுத்து உண்ணத்தக்க பூச்சாக உலரவிடுவது இன்னும் எளியது, இங்கு படலத்தை உரித்தெடுக்கும் தேவையே இல்லை. கைட்டோசானைத் தூளாக்கி, உருக்கக்கூடிய மக்கும் பாலியெசுத்தர்களுடன் கலந்து ஊதும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன. அவ்வாறு செய்கையில் தூளின் பெரும்பகுதி பாலியெசுத்தருக்குள் புதைந்து, உணவைத் தொட இயலாமல் போகின்றது. மேற்பரப்பில் தூளைக் கூட்ட அளவை உயர்த்தினால் படலம் எளிதில் கிழிகின்றது.